மூன்றாவது குற்றச்சாட்டு

தொழிலாளர் சட்டங்களில் முதலாளி உண்டு, தொழிலாளி உண்டு, சங்கம் உண்டு, அரசு உண்டு, பெற்றவர்கள் கிடையாது. இருபத்தேழு வயது மகன் வேலை செய்யும் இடத்தில் வதைபட்டால், அவனைப் பெற்றவர்கள் எந்த மனுவிலும் கையெழுத்துப் போட முடியாது, எந்த விசாரணையிலும் உட்கார இடம் கேட்க முடியாது. இதற்கு நியாயமும் இருக்கிறது. பிராயம் வந்தவன் தன் வழக்கைத் தானே நடத்த வேண்டும் என்றுதான் சட்டம் நினைக்கும். ஆனால் தூத்துக்குடியில் இத்தனை காலம் தொழிலாளர் வழக்குகளை நடத்திவந்ததில் நான் கண்டது இது: ஒரு தனி ஆளின் வழக்கு கடைசிவரை நிற்குமா, பாதியில் சாயுமா என்பது பெரும்பாலும் அவன் வீட்டுக்குள்தான் முடிவாகிறது. அதை எனக்குத் தெளிவாகக் காட்டிய வழக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்சிக்காரர்கள் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இதில் வராது.

தகப்பனார் தோணியில் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போய்வந்தவர். முட்டி தேய்ந்த பிறகு கரையிலேயே இருந்துவிட்டார். தாயார் உப்பளத்தில் உப்புச் சுமக்கிறவர். மகன் பி.காம். படித்துவிட்டு, துறைமுகச் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித்தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ஸியில் சேர்ந்திருந்தான். பில் ஆஃப் என்ட்ரி தயாரிப்பது, ஷிப்பிங் பில் போடுவது, சுங்க அலுவலகத்தில் வரிசையில் நின்று கையெழுத்து வாங்குவது, இதுதான் வேலை. ஐந்தாறு ஆண்டு சிக்கல் இல்லாமல் ஓடியது. பிறகு புதிய மேலாளர் ஒருவர் வந்தார். எல்லார் முன்னாலும் வசவு, இரவு பதினொரு மணிக்குப் போன், தான் பிடித்துவைத்த கோப்புக்குத் தாமதம் என்று மெமோ. சில மாதங்களில் பையன் வீட்டில் பேசுவதை நிறுத்தினான், பிறகு சாப்பிடுவதைக் குறைத்தான். "ராத்திரி முழிச்சு முழிச்சு அவன் தூங்குறானான்னு பாக்கேன் வக்கீலய்யா" என்றார் அந்த அம்மா. அவர்கள் என்னிடம் வந்தது வழக்குப் போட அல்ல. ராஜினாமாக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று கேட்கத்தான் வந்தார்கள்.

தகப்பனார் அதில் உறுதியாக இருந்தார். "தோணியில தண்டலும்தான் வைவான் சார். கரைக்கு வந்தா தோள்ல கை போட்டு டீ வாங்கித் தருவான். இந்தாளு வைறதையெல்லாம் பேப்பர்ல எழுதி வைக்கான். இது ஆகாது, எழுதிக் குடுத்துட்டு வரட்டும்" என்றார். தண்டல் என்றால் தோணியை நடத்திப்போகும் தலைவர். இரண்டு வகை அதிகாரத்துக்கும் உள்ள வேற்றுமையை அவர் சரியாகவே பிடித்திருந்தார். கடலில் வசவு அன்றைக்கே கரைந்துவிடும். அலுவலகத்தில் அது ஒரு தாளாகிக் கோப்பில் ஏறும், மூன்று தாள் சேர்ந்தால் நடத்தை சரியில்லாதவன் என்ற முடிவாகும். ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த தீர்மானம்தான் மகனுக்குப் பாதகமானது. அந்தக் காகிதங்களுக்குப் பதில் காகிதமே எழுதாமல் வெளியேறினால், கோப்பில் அவர்கள் எழுதியது மட்டுமே மிஞ்சும்.

இந்த இடத்தில் சட்டத்தின் போக்கைச் சொல்லிவிட வேண்டும். மேலாளர் கொடுமையாகப் பேசுகிறார் என்பதை மட்டும் வைத்து வழக்குப் போட நம்மிடம் தனிச்சட்டம் இல்லை. வேலையிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பட்டியல் சாதியினரைச் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இவற்றுக்கு வெளியே நிற்கும் வசவு, அவமதிப்பு, தூங்கவிடாத தொந்தரவு எல்லாவற்றையும் தொழிலாளர் சட்டம் நேராகப் பார்ப்பதில்லை. வேலை எப்படி முடிந்தது, யார் முடித்தார், முடிக்குமுன் முறைப்படி கேட்டாரா என்பதைத்தான் அது கேட்கும். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 2ஏ பிரிவு தனித் தொழிலாளிக்குக் கதவு திறந்தது, அவனை நிறுவனம் நீக்கியிருந்தால்தான். ஆகவே மனசு நொந்து ராஜினாமா எழுதிக் கொடுத்தவனுக்கு, அந்தக் கதவை அவன் கையெழுத்தே மூடிவிடும். மிரட்டி எழுதி வாங்கினார்கள் என்று சொல்லலாம், ஆனால் அதை நிரூபிக்கும் சுமை அவன் தலையில் விழும். அறைக்குள் இரண்டு பேர் பேசியதற்குச் சாட்சி எங்கே கிடைக்கும்? ஏற்கப்படுவதற்கு முன்னால், அல்லது நடப்புக்கு வருவதற்கு முன்னால், ராஜினாமாவைத் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1978ல் ஒரு நீதிபதியின் ராஜினாமா குறித்த வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் அது கொடுத்த மறுநாளே விழித்துக்கொள்கிறவர்களுக்குத்தான் பயன்படும்.

அதனால் இரண்டு காரியம் சொன்னேன். வேறு நல்ல வேலை கையில் கிடைக்கும்வரை ராஜினாமா வேண்டாம். கிடைத்தால் தாராளமாகப் போகட்டும், வழக்கு ஒன்றும் வாழ்க்கை இல்லை. அதுவரை ஒவ்வொரு நாளும் நடந்ததை, நடந்த அன்றே, நேரத்தோடு எழுதிவைக்க வேண்டும். தாயாருக்கு இரண்டாவது உடனே பிடிபட்டது. உப்பளத்தில் பெட்டிக் கணக்கையும் கூலிக் கணக்கையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறவர் அவர். குறிக்காத நாளின் கூலி தகராறாகும் என்பது அவருக்குப் பட்ட பாடம். அன்று முதல் இரவுச் சோற்றுக்கு முன்னால் மகன் எழுதியாக வேண்டும் என்று வைத்துவிட்டார். இன்ன நேரத்தில் போன், இன்ன சொல், பக்கத்தில் யார் இருந்தார்கள், அவ்வளவுதான். தானே எழுதிய நோட்டு தனக்குத் தானே சாட்சி ஆகாது என்பது உண்மை. ஆனால் நடந்தபோதே எழுதிய குறிப்பைப் பார்த்துச் சாட்சி தன் ஞாபகத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டத்தின் 159வது பிரிவு அனுமதித்திருந்தது. அதைவிடப் பெரிய பயன் ஒன்றையும் அந்த நோட்டு செய்தது. தினம் எழுத வேண்டியிருந்ததால் பையன் வீட்டில் மறுபடி பேச ஆரம்பித்தான்.

அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னதற்கு மட்டும் வீட்டில் தயக்கம் இருந்தது. பெண் பார்க்கும் வயது, சீட்டு வெளியே தெரிந்தால் என்ன பேசுவார்கள், அந்தச் சீட்டையே காட்டிக் கம்பெனி இவனைக் கிறுக்கன் என்று சொல்லாதா என்று கேட்டார்கள். அந்தச் சீட்டை நாம் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவே வேண்டியதில்லை என்றேன். வழக்குக்கு உதவும் என்பதற்காக அல்ல, பிள்ளை உயிரோடும் தெம்போடும் இருக்க வேண்டும் என்பதற்காக டாக்டரைப் பார்க்க வேண்டும். தாயார்தான் கூட்டிக்கொண்டு போனார்.

தகப்பனார் செய்தது வேறு. ஒரு நாள் மத்தியானம் மைத்துனரின் பைக்கில் ஏறி ஏஜென்ஸி வாசலுக்குப் போய்விட்டார். மேலாளர் வெளியே வந்தபோது, "எம் மவன எல்லார் முன்னாலயும் ஏன் சார் வையிறீங்க?" என்று கேட்டிருக்கிறார். கேட்டது அவ்வளவுதான் என்று அவரும் சொன்னார், மைத்துனரும் சொன்னார். இரண்டு வாரம் கழித்துப் பையனுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. முதல் குற்றச்சாட்டு, பில் ஆஃப் என்ட்ரி தாமதத்தால் வாடிக்கையாளருக்கு டெமரேஜ் என்ற தாமதக் கட்டண நஷ்டம். இரண்டாவது, மேலாளரின் தொலைபேசி அழைப்பை ஏற்காமல் கீழ்ப்படிய மறுத்தது. மூன்றாவது, வெளியாட்களை அழைத்துவந்து மேலாளரை மிரட்டியது. முதல் இரண்டும் சில்லறை. மூன்றாவது அப்படியல்ல, மிரட்டலும் ஒழுங்கீனமும் நிரூபணமானால் வேலைநீக்கம் அதிகத் தண்டனை இல்லை என்று எந்த நீதிமன்றமும் சொல்லிவிடும். மகனைக் காப்பாற்றப் போனவரின் பதினைந்து நிமிடம், மகன் மேல் உள்ள குற்றச்சாட்டுகளில் கனமானதாகிவிட்டது.

அதோடு பணியிடை நீக்க உத்தரவும் வந்தது. மாதம் அக்டோபர். தூத்துக்குடியில் உப்பளம் தெரிந்தவர்களுக்கு அந்த மாதத்தின் பொருள் தெரியும்: வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்திகளில் வேலை கிடையாது, தை மாசி வரை உப்புத் தொழிலாளிக்கு வருமானமும் கிடையாது. மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கும் அரசுத் திட்டம் அப்போது வந்திருக்கவில்லை. பணியிடை நீக்கத்தில் இருப்பவன் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காகவே தமிழ்நாட்டில் 1981ல் பிழைப்பூதியச் சட்டம் இயற்றினார்கள். முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாளுக்கு முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம். சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் முதல் மாதம் பணம் வரவில்லை, இரண்டாம் மாதமும் வரவில்லை. பிழைப்பூதியம் தராமல் நடத்திய விசாரணை செல்லாமல் போகலாம் என்பதற்கு நான் பாரத் தங்கச் சுரங்க வழக்கின் 1999ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சுட்டிக் கடிதம் எழுதினேன். கையில் காசில்லாமல் விசாரணைக்கு வர முடியாமல்போன ஒரு பாதுகாப்பு அதிகாரியை, அவர் இல்லாமலே விசாரித்து நீக்கியது தவறு என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. கடிதம் போன பிறகு பணம் வந்தது. அதுவரை அந்த வீட்டில் அடுப்பெரிந்தது தகப்பனார் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கிய கூலியில். தேய்ந்த முட்டியோடு அவர் செய்த அந்த வேலைக்கு எந்தச் சான்றாவணமும் இல்லை. ஆனால் அது இல்லாமல் வழக்கு டிசம்பரைத் தாண்டியிருக்காது.

நிறுவனத்துக்குள் நடக்கும் உள்விசாரணை என்பது பார்ப்பதற்கு நீதிமன்றம்போல இருக்கும். விசாரணை அதிகாரி, நிறுவனத் தரப்பை எடுத்துரைப்பவர், சாட்சிகள், குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. இங்கே விசாரணை அதிகாரி ஒரு வழக்கறிஞர், எடுத்துரைத்தவரும் சட்டம் படித்தவர். எதிரே பி.காம். படித்த பையன் தனியாக. நிறுவனம் சட்டம் தெரிந்தவரைக் கொண்டு நடத்தும்போது தொழிலாளிக்கு மட்டும் அந்த உதவியை மறுப்பது நியாயம் ஆகாது என்பதைப் பம்பாய்த் துறைமுக அறங்காவலர் குழு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்புகளில் அந்தத் தீர்ப்பு இருக்கிறது. அதைக் காட்டி மனுக் கொடுத்தோம். அவர்கள் வக்கீலை அனுமதிக்கவில்லை. அதற்குப் பதில் எடுத்துரைப்பவரை மாற்றிவிட்டு, சக ஊழியர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள் என்றார்கள். விதிப்படி அது போதும். ஆனால் அதே மேலாளரிடம் தினமும் கையெழுத்து வாங்க வேண்டியவர்களில் யார் வருவார்கள்? கேட்டவர்கள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் ஓய்வுபெற நாலைந்து மாதமே இருந்த சரக்கு எண்ணிக்கை பார்க்கும் ஒரு டேலி கிளார்க் தானாக முன்வந்தார். உரிமையைச் சட்டம் எழுதிவைக்கலாம், அதைப் பயன்படுத்தும் தைரியத்துக்கு வெளியில்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது.

மூன்று குற்றச்சாட்டும் நிரூபணமானதாக அறிக்கை வந்தது, நீக்க உத்தரவும் வந்தது. அடுத்து எங்கே போவது என்பதிலேயே தூத்துக்குடியில் ஒரு சிக்கல் உண்டு. வ.உ.சி. துறைமுகம் பெருந்துறைமுகம் என்பதால், அது சம்பந்தமான தகராறுகளுக்கு மத்திய அரசின் தொழிலாளர் அலுவலர். நகரத்துக்குள் தனியார் ஏஜென்ஸி அலுவலகத்தில் வேலை பார்த்தவனுக்கு மாநில அரசின் அலுவலர். ஒரே சரக்குப் பெட்டிக்காகத் துறைமுகக் கதவுக்கு உள்ளே நின்றவனும் வெளியே நின்றவனும் வேறு வேறு அரசிடம் போக வேண்டும். தவறான கதவைத் தட்டி மாதங்களை இழந்தவர்கள் உண்டு. நாங்கள் மாநிலத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுக் கொடுத்தோம். சமரசப் பேச்சில் வக்கீல் எந்தத் தரப்புக்காகவும் ஆஜராகக் கூடாது என்றது 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36வது பிரிவு. பேச்சு வழக்குமன்ற வாதமாகிவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்த விதி. அதனால் உள்ளே பையன் மேலாண்மையின் அனுபவசாலிகளோடு பேசிக்கொண்டிருக்க, நானும் அவன் தாயும் வராந்தா பெஞ்சில் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்தோம். "உங்களையும் உள்ள விட மாட்டாங்களா வக்கீலய்யா?" என்று அவர் ஆச்சரியப்பட்டார். இல்லையம்மா, இங்கே நமக்கு ஒரே இடம்தான் என்றேன். வெளியே வந்த பையனின் முகம் அன்றுதான் தெளிந்திருந்தது. யாருடைய துணையும் இல்லாமல் மேலாளரின் தரப்புக்குப் பதில் சொல்லிவிட்டு வந்திருந்தான். அந்த விதியால் நல்லதும் நடக்கும் என்று நான் அன்று பார்த்தேன்.

சமரசம் கூடவில்லை. 1988ல் தமிழ்நாடு செய்த திருத்தத்துக்கு முன்பெல்லாம் அதற்குப் பிறகு அரசு அறிக்கை பெற்று, வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பலாமா என்று யோசித்து, ஆணை போட வேண்டும். அதிலேயே வருடங்கள் போகும். 2010ல் மத்திய அரசு செய்த திருத்தம், மனுக் கொடுத்து 45 நாள் கழிந்தால் நீக்கப்பட்டவனே நேராகத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றது. திருநெல்வேலி தொழிலாளர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தோம்.

நிறுவனம் எடுத்த முதல் ஆட்சேபம், இவன் தொழிலாளியே இல்லை என்பது. மேற்பார்வை வேலை பார்த்து மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கியவர் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரவில்லை. அதன் இடத்துக்கு இப்போது வந்திருக்கும் 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அந்த வரம்பை 18,000 ஆக்கியிருக்கிறது. ஆட்சேபத்துக்கு ஆதாரமாக அவர்கள் தாக்கல் செய்தது பையனுடைய விசிட்டிங் கார்டு. அதில் 'சீனியர் எக்ஸிகியூட்டிவ்' என்று இருந்தது. அந்தக் கார்டு வந்த நாளில் தாயார் அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் செருகிவைத்திருந்தார், தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்துமிருந்தார். மகன் ஆபிசர் ஆகிவிட்டான் என்று அவர் பெருமைப்பட்ட அட்டை, இப்போது மகனுக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதற்கு எதிர்த்தரப்புச் சான்றாவணம். நல்லவேளையாகப் பதவியின் பெயரைப் பார்க்காதே, செய்த வேலையைப் பார் என்பது நிலைபெற்ற சட்டம். யாருக்காவது லீவு கொடுக்க இவனுக்கு அதிகாரம் இருந்ததா, யாருக்காவது மெமோ கொடுத்தானா, யாருடைய வேலையையாவது பிரித்துக் கொடுத்தானா என்று கேட்டேன். நிறுவனத்தின் சாட்சி எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். சம்பளம் கூட்டாமல் பெயரை மட்டும் உயர்த்தும் பழக்கம் எல்லா ஊர் அலுவலகங்களிலும் இருக்கிறது. அந்தப் பெயருக்குப் பின்னால் எந்தச் சட்டப் பாதுகாப்பு கைநழுவுகிறது என்பதைப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டும், பெற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

உள்விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று நீதிமன்றம் முதலில் முடிவுசெய்தது. அப்படி முடிவானால் நிறுவனம் குற்றச்சாட்டுகளை நீதிமன்றத்திலேயே புதிதாகச் சாட்சி வைத்து நிரூபிக்கலாம். தாமதத்துக்குக் காரணம் மேலாளரின் மேசையில் கோப்புக் கிடந்த நாட்கள்தான் என்பதை அவர்களுடைய மின்னஞ்சல்களே காட்டின. இரவு அழைப்புகளுக்கு நோட்டில் இருந்த நேரமும் தொலைபேசி நிறுவனத்தின் பட்டியலில் இருந்த நேரமும் ஒத்துப்போயின. பதினொரு மணிக்கு மேல் போனை எடுக்காததைக் கீழ்ப்படியாமை என்று சொல்ல எந்த விதியும் இல்லை. மூன்றாவதுதான் மிச்சம். அதற்கு அவர்கள் கொண்டுவந்த சாட்சி வாசல் காவலாளி. நாங்கள் மனுப் போட்டு வரவழைத்த வாசல் பதிவேடு மேசைமேல் இருந்தது.

"வந்தவர் கையில் என்ன வைத்திருந்தார்?"

"தூக்குவாளி."

"அவர் பெயரைப் பதிவேட்டில் எழுதியது யார்?"

"நான்தான் எழுதினேன்."

"வந்த காரணம் என்ற கட்டத்தில் நீங்கள் எழுதியிருப்பதை வாசியுங்கள்."

அவர் பதிவேட்டைத் தூக்கிக் கண்ணுக்கு அருகே பிடித்து வாசித்தார்: "மகனுக்குச் சாப்பாடு. வந்த நேரம் மதியம் ஒன்று பத்து."

தகப்பனார் சாப்பாடு கொடுக்கவும் போனார், கேட்கவும் போனார்; இரண்டும் உண்மை. கேட்டதை நாங்கள் மறுக்கவே இல்லை. எங்கள் வாதம் இரண்டு படியாக இருந்தது. கையில் சாப்பாட்டோடு, பதிவேட்டில் பேரெழுதிவிட்டு, ஏன் வைகிறீர்கள் என்று ஒருமுறை கேட்பது மிரட்டல் ஆகாது. அப்படியே மிரட்டல் என்று வைத்தாலும், ஒழுங்கீனம் என்பது தொழிலாளி தானே செய்ததாகவோ, தூண்டிச் செய்வித்ததாகவோ இருக்க வேண்டும். அப்பா பேசியதற்கு மகனை வேலையைவிட்டு நீக்க முடியாது. மகன் சொல்லித்தான் வந்தார் என்பதற்கு ஒரு வார்த்தைகூடச் சாட்சியம் இல்லை. மிரட்டப்பட்டதாகச் சொல்லப்பட்ட மேலாளரோ கூண்டுக்கே வரவில்லை; அதற்குள் அவர் அந்த நிறுவனத்தை விட்டுப் போய்விட்டிருந்தார். ஒருவருடைய வாயால் தொடங்கிய வழக்கு முழுவதும் அவர் வாய் திறக்காமலே நடந்து முடிந்தது. மறுபடி வேலை, பணித்தொடர்ச்சி, பாதிப் பின்சம்பளம் என்று தீர்ப்பு வந்தது.

இங்கேயே கதை முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். நிறுவனம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனுப் போட்டது. மேல்வழக்கு நடக்கும் காலத்தில் கடைசியாக வாங்கிய சம்பளத்தைத் தர வேண்டும் என்று 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17பி பிரிவு சொன்னது. ஆனால் அந்தக் காலத்தில் வேறெங்கும் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டியிருந்தது. அதாவது அந்தத் தொகை வேண்டுமென்றால் இளைஞன் ஒருவன் தன் முப்பதாவது வயதில் சும்மா இருக்க வேண்டும். பையன் அதற்கு ஒப்பவில்லை, சரியாகத்தான் செய்தான். வேறொரு ஏஜென்ஸியில் சேர்ந்தான். பிறகு இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. ஒரு தொகை, பணிச் சான்றிதழ், வழக்கு வாபஸ் என்று ஒப்பந்தம் தயாரானது. வென்ற வழக்கில் வேலை திரும்பக் கிடைக்காமல் பணமாக முடிவது தொழிலாளர் நீதிமன்றங்களில் அன்றாடம் நடப்பது. தாமதம் என்ற ஒன்றே நிறுவனத்துக்குச் சாதகமான தீர்ப்புப்போல வேலை செய்கிறது. காத்திருக்க வசதி உள்ளவருக்கே காலம் சாதகம்.

ஒப்பந்தத்தில் தொகையைப் பற்றித் தாயார் எதுவும் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். மூன்றாவது குற்றச்சாட்டை வாபஸ் வாங்கியதாகத் தனியாக எழுத வேண்டும். எல்லாக் குற்றச்சாட்டும் பொதுவாக வாபஸ் என்ற வரியே அதையும் அடக்கும் என்று நிறுவனத்தின் வக்கீல் சொன்னார், சட்டப்படி அவர் சொன்னது சரி. "அதுல எங்க வீட்டுக்காரர ரவுடின்னு எழுதியிருக்கு. அது தனியாத்தான் அழியணும்" என்றார் அந்த அம்மா. வழக்கின் எந்தக் காகிதத்திலும் அவர் ஒரு தரப்பு அல்ல. ஆனாலும் அந்த வரி சேர்ந்தது; எதிர்த்தரப்பு வக்கீலே தன் கையால் எழுதிச் சேர்த்தார்.

1908ல் இதே ஊரில் கோரல் மில் தொழிலாளர்கள் பிப்ரவரி 27 அன்று வேலையை நிறுத்தினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை, எங்கள் தூத்துக்குடி வழக்கறிஞர். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கிவந்தது, கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அந்த ஒன்பது நாளும் வேலைநிறுத்தம் நின்றதற்கு மேடைப்பேச்சு மட்டும் காரணமல்ல, பின்னால் ஊர் துணைநின்றது. இன்று அலுவலகங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சங்கமும் இல்லை, பின்னால் ஊரும் இல்லை. ஊர் செய்ததை ஒரு குடும்பம் தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது. அதை எல்லாக் குடும்பமும் செய்துவிட முடியாது என்பதால்தான், மேலாளரின் வதையை வேலைநீக்கம் வரை காத்திராமல் முறையிட ஓர் இடம் வேண்டும் என்று நான் சொல்லிவருகிறேன். பாலியல் தொல்லைக்கு நிறுவனத்துக்குள்ளே குழு வைக்க முடியும் என்றால், இதற்கும் வைக்க முடியும்.

அது வரும்வரை பெற்றவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். மேலாளரைப் பார்க்கப் போகாதீர்கள். உங்கள் பிள்ளைக்காக நீங்கள் பேசும் ஒவ்வொரு சொல்லையும் அவன் மேல் எழுத முடியும். அவனைச் சாப்பிட வையுங்கள், தூக்கம் போனால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், சம்பளம் நின்றால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வா என்று சொல்லுமுன் சட்டம் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள். பொறுத்துப் போ என்று சொல்லுமுன், அவனுக்கு என்ன நடக்கிறது என்பதை முழுதாக ஒருமுறை கேளுங்கள்.